ராக்குவின் இடம்

போடிநாயக்கனூர்,
செப்டம்பர் 7, ஞாயிறு

என் கிளிக்கு,

மதினி எழுதுகிறேன். விடிந்ததும் கன்னையன் ஜீப்பு மேலே போகிறதாம். அதற்குள் இதை முடித்து அவன் கையில் கொடுக்க வேண்டும். உன் எஸ்டேட் லயத்து வீட்டில் டவர் இல்லாததும் ஒருவகையில் நல்லதுதான். இங்கே என் போனைப் பத்துப் பேர் எடுக்கிறார்கள். என் கையெழுத்தைப் படிக்க நீ ஒருத்திதான் மிச்சம்.

மகாராஜன் அண்ணனுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலம் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் கட்சியில் சேரப் போகிறேன். சுயேச்சை கவுன்சிலராக மூன்றரை வருடம் இருந்து பார்த்துவிட்டேன். கூட்டத்தில் எழுந்தால் மைக்கை அணைக்கிறார்கள். சாக்கடை அள்ளச் சொல்லி மனுக் கொடுத்தால், "எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டு வாங்கம்மா" என்கிறார்கள். முடிவு பண்ணிவிட்டேன். அக்டோபர் 26 ஞாயிற்றுக்கிழமை இணைப்பு விழா. மாவட்டச் செயலாளரே நேரில் வருகிறார்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அன்றைக்கு நம் கும்மி வேண்டும். மலையடியில் முந்தலில் ரோட்டை மறித்து அடித்தோமே, அதே கும்மி, அதே பெண்கள். "அந்தப் பொம்பளைக அடிச்ச கும்மியத்தான் பாக்கணும்" என்று மாவட்டமே கேட்டார். அந்தக் கும்மியால் வந்த விடியற்காலை ஐந்து மணி பஸ்சை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. மறுபடியும் ஜீப்பில்தான் பதினெட்டுப் பேர் தொங்கிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போகிறார்கள், உனக்குத் தெரியாததா. விழா முடிந்த மறுமாதம் பஸ்சு ஓடும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். என் முகத்துக்கு நேரே சொன்னார்.

மதுரையிலிருந்து விஜயகுமார் என்று ஒரு டான்ஸ் மாஸ்டர் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ராசிங்காபுரத்தில் பழகலாம். சேலை நாங்களே எடுத்துத் தருகிறோம்.

மாட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் மதினி,
பானு


பூப்பாறை, மேல் லயம்,
செப்டம்பர் 13

அன்பு மதினிக்கு,

தைலம் வந்தது. அவர் முட்டிக்குப் பாதி போக, மீதியை என் இடுப்புக்கு என்று ஒளித்து வைத்திருக்கிறேன். மலையில் மழை விட்டபாடில்லை. ஏலச்செடியின் தூரில் குனிந்து காய் எடுக்கும்போது அட்டை காலில் ஏறுவதே தெரிவதில்லை. வயிறு முட்டக் குடித்து உருண்டு விழுந்த பிறகுதான் காந்துகிறது. பி.ஏ. வரலாறு படித்தவளின் கால், மற்றவர்கள் கால் என்றெல்லாம் அதற்கு வித்தியாசம் கிடையாது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்கு வந்தது கோபம் இல்லை மதினி. இருட்டில் அழுகின எலியை மிதித்துவிட்டால் உள்ளங்காலில் ஒன்று வரும் பார், அதுதான் வந்தது. நீ கட்சியில் சேர்வதற்காக இல்லை. சேர்ந்துகொள். தனியாக எத்தனை நாள் மல்லுக்கட்டுவாய். ஆனால் 'மாவட்டமே கேட்டார்' என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிதான்.

உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுதினால்தான் எனக்கு நெஞ்சு ஆறும். எட்டு வருடத்துக்கு முன்னால், அந்த டிசம்பர் இரண்டாம் தேதி கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு கவிழ்ந்து ராக்கு போனாள். நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். முளைப்பாரிக் கும்மியில் பத்து வயதிலிருந்து உனக்கும் எனக்கும் நடுவில் நின்றவள். மறுநாள் பஸ்சு கேட்டு முந்தலில் ரோட்டை மறித்தோம். கோஷம் போட்டால் கேஸ் என்றார் இன்ஸ்பெக்டர். சரி என்று வாயை மூடிக்கொண்டு கும்மி அடித்தோம். ஒரு தட்டு நம் கையில், ஒரு தட்டு பக்கத்தில் நிற்கிறவள் கையில். ராக்கு நிற்கிற இடத்தை யாரும் நகர்ந்து மூடவில்லை. அவள் கையைத் தேடிப் போன என் கை, கை இல்லாமல் என் தொடையில் விழுந்தது. அந்தப் பக்கம் உன் கை உன் தொடையில் விழுந்தது. அத்தனை கைத்தட்டுக்கு நடுவே தொப், தொப் என்று இரண்டு அடி. அன்றிலிருந்து எப்போது கூடினாலும் அந்த இடத்தை விட்டுத்தான் வட்டம் போடுகிறோம்.

அன்றைக்கு நின்ற கார் வரிசையில் மூணாறிலிருந்து வந்த ஒரு வெள்ளைக் காரும் இருந்தது. கண்ணாடியை இறக்கி, "இவளுகள இழுத்து ஓரமாப் போடுங்கய்யா, எனக்கு ஏர்ப்போர்ட்டுக்கு நேரமாச்சு" என்றான் ஒருத்தன். அப்போது அவன் ஒன்றியச் செயலாளர். இப்போது மாவட்டம். அந்தக் கும்மியைத்தான் அவர் பார்க்க வேண்டுமாம். அன்றைக்குப் பார்க்கவில்லையா?

கன்னையன் ஜீப்பில் வருகிற பெண்களிடம் பேசினேன். "ஆடுறதுதான? ஜீப்புக்குள்ள தினம் ஆடிக்கிட்டுத்தான வர்றோம்" என்றாள் ஒச்சம்மா. அவள்தான் வட்டத்தில் உனக்கு அடுத்த கை. பஸ்சுக்காகச் சரி என்கிறார்கள். பஸ்சுக்காக நானும் சரி என்கிறேன். வாயில் கசப்போடு சொல்கிறேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

உன்,
கிளி


போடிநாயக்கனூர்,
செப்டம்பர் 16

கிளி,

நீ சரி சொன்னதே போதும். கசப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக முழுங்கப் பழகு. நான் பழகிவிட்டேன்.

அவர் அன்றைக்குச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அவரும் மாறியிருக்கிறார். ஆட்கள் மாறுவார்கள். மாறாதவர்களோடுதான் அரசியல் என்றால் நான் வீட்டில் கறிவேப்பிலை உருவிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சேலை மூட்டையும் ரவிக்கைத் துணியும் வருகின்றன. கலரைப் பார்த்து முகம் சுளிக்காதே.

மதினி


ராசிங்காபுரம்,
அக்டோபர் 5

அன்பு மதினிக்கு,

இன்றைக்கு இரண்டாவது ஒத்திகை. அம்மா வீட்டில் இருந்து எழுதுகிறேன். நீ வருவாய் என்று எல்லோரும் பார்த்தார்கள். கவுன்சிலருக்குச் சோலி இருக்காதா என்று நானே சொல்லிச் சமாளித்தேன். உன் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்துப் பழகினோம்.

உன் மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல பையன்தான், வாயில் எப்போதும் பபிள்கம். முதல் ஞாயிறு, "சிரிங்க்கா, எல்லாரும் பொணத்துக்கு அடிக்கிற மாதிரி இருக்கீங்க" என்றான். "பொணத்துக்குத்தான தம்பி அடிச்சோம்" என்றாள் ஒச்சம்மா. அவன் அதற்கும் சிரித்தான். இரண்டு விரலை என் வாயின் ஓரத்துக்கு நேராகக் காட்டி, இவ்வளவு விரிய வேண்டும் என்று அளவு சொன்னான்.

இன்றைக்கு நடந்ததைக் கேள். நம் கும்மியில் மூன்றாவது தட்டுக்கு இடுப்பை மடக்கிக் குனிவோம், தூரில் காய் எடுக்கிறதுபோல. குனிந்த வேகத்தில் எழுந்துவிடுவோம். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "அக்கா, இந்தக் குனியிறது சூப்பர். இன்னும் கொஞ்சம் எறங்கி, ஸ்டேஜப் பாத்து, ரெண்டு கையையும் தரையில வச்சு அப்பிடியே விழுந்துட்டா, அதான் ஃபினிஷிங்" என்றான். அறுபது பெண்களையும் விழச் சொன்னான். விழுந்தார்கள். மழை பெய்து ஊறின மைதானம். ஆட்டுப் புழுக்கையும் சேறும். பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் முழங்காலில் இறங்கி, கையை ஊன்றி, காலி மேடையைப் பார்த்து விழுந்தார்கள். எட்டு மணி நேரம் செடிக்கு முன்னால் குனிகிறவர்களுக்கு, இன்னும் ஒரு குனிவு என்ன கணக்கு என்று நினைத்தார்களோ என்னவோ. நான் விழவில்லை. நின்றுகொண்டிருந்தேன். விழுந்து கிடந்த முதுகுகளுக்கு நடுவில் நிற்பதும் அசிங்கமாகத்தான் இருந்தது. அவர்களை விட நான் உசத்தி என்று காட்டினதுபோல ஆகிவிட்டது.

அப்புறம், வட்டத்தில் ஓட்டை இருக்கிறது, ஒரு ஆள் குறைகிறது என்று நம் வட்டத்துப் பவுனுவின் மகளைக் கொண்டுவந்து ராக்கு இடத்தில் நிறுத்தினான். அந்தப் பிள்ளை நின்ற வேகத்தில், "இது வேணாம் மாஸ்டர்" என்று தானே விலகிவிட்டது. அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டு விஷயம் நீ எனக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். விழுவதை எடுத்துவிட வேண்டும். ராக்கு இடத்தைத் தொடக்கூடாது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் நான் வரமாட்டேன். நான் வராவிட்டால் ஜீப்புப் பெண்களும் வரமாட்டார்கள். மிரட்டுவதாக நினைக்காதே. உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்.

உன்,
கிளி


போடிநாயக்கனூர்,
அக்டோபர் 8

கிளி,

விழுவதை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். மாஸ்டருக்கு வருத்தம். இருக்கட்டும். ராக்கு இடம் இடமாகவே இருக்கும், அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அந்த இடத்தின் அருமை எனக்குத் தெரியாதா? அவள் சாவுக்கு உன்னைவிட ஒரு பிடி அதிகமாக அழுதவள் நான்.

விழாவன்று நானும் வட்டத்தில் நிற்பேன், என் பழைய இடத்தில். நேரத்துக்கு வந்துவிடுங்கள். மாலை போடுவதற்கு எஸ்டேட்டிலிருந்து எட்டு எம்எம் முதல்தர ஏலக்காய் வருகிறது. அதைக் கோக்க மட்டும் நான்கு பேரை முந்தின நாளே அனுப்பி வை.

மதினி


பூப்பாறை, மேல் லயம்,
அக்டோபர் 29

மதினி,

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு எங்களை இறக்கிவிட்டார்கள். அவர் வந்தது ஆறே முக்கால். உனக்கு மேடைக்குப் பின்னால் அறை இருந்தது. எங்களுக்கு மைதானத்தில் ஒதுங்க ஒரு மறைப்புக்கூட இல்லை. ஒச்சம்மா சர்க்கரை வியாதிக்காரி, தெரியும் உனக்கு. நாங்கள் நான்கு பேர் சேலையைப் பிடித்து மறைத்து நின்றோம். ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கம் நின்ற இளவட்டங்கள் போனைத் தூக்கின. நீங்கள் கொடுத்த சேலை வேர்வையில் சாயம் விட்டு, அக்குளிலும் கழுத்திலும் இன்னும் அந்தக் கலர் இருக்கிறது. பீர்க்கங்கூடு வைத்துத் தேய்க்கிறேன், போகவில்லை.

அவர் வந்ததும் கட்சிக்காரர்கள் எல்லோரும் காலில் விழுந்தார்கள். வரிசையாக, ஒருவர் மேல் ஒருவர். காலைத் தொட இடம் கிடைக்காதவர்கள் அவர் நடந்த கம்பளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. போனில் பேசிக்கொண்டே நடந்தார், நடை பாதையில் கிடக்கிற செருப்பைத் தாண்டுவதுபோல. நாங்கள் விரல் வலிக்கக் கோத்த ஏலக்காய் மாலையைக் கழுத்தில் வாங்கின கையோடு, அதிலிருந்து ஒரு காயைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு தோலைத் துப்பினார்.

நீயும் விழுந்தாய். நெற்றி தரையில் பட, தோளில் கட்சித் துண்டு நழுவாமல், சுத்தமாக விழுந்தாய். பழகியிருக்கிறாய். எங்களுக்கு வேண்டாம் என்று சொன்னதை நீ தனியாகச் செய்தாய். அதுவரை எனக்கு உன்மேல் இரக்கம்தான் இருந்தது. எங்கள் பங்கையும் சேர்த்து விழுகிறாள் என்றுகூட நினைத்தேன்.

பிறகு கும்மி. நீ இறங்கி வந்து உன் இடத்தில் நின்றாய். நமக்கு நடுவில் ராக்குவின் இடம். பாட்டு இல்லாமல் கைத்தட்டு மட்டும் ஆரம்பித்தபோது, அந்த மைதானத்தின் இரைச்சல் அடங்கிற்று. ஒரு நிமிடம், மதினி, ஒரே ஒரு நிமிடம் எனக்கு முந்தல் ரோடு தெரிந்தது.

அப்போதுதான் அவர் மேடையை விட்டு இறங்கினார். கேமராக்காரர்கள் பின்னாலேயே நடந்து வந்தார்கள். அறுபது பெண்கள் நிற்கிற வட்டத்தில் அவர் எங்கும் தேடவில்லை, தயங்கவில்லை. நேராக நடந்து வந்து உனக்கும் எனக்கும் நடுவில் நின்றார். சென்ட்டும் வேர்வையும் ஏலக்காயும் சேர்ந்து ஒரு வாடை. மாலையின் ஈரம் என் தோளில் உரசியது. இரண்டு பக்கமும் உள்ளங்கையை விரித்துத் தட்டுக்குக் காத்திருந்தார்.

என் கை என் தொடையில் விழுந்தது. சத்தியமாக நான் யோசித்துச் செய்யவில்லை. அவமானப்படுத்தும் துணிச்சல் எனக்கு ஏது? எட்டு வருடமாக அந்தப் பக்கம் கை இல்லை என்று என் கைக்குத் தெரியும், அவ்வளவுதான். அவர் இடது கை அந்தரத்தில் நின்றது. அதே நொடியில் உன் பக்கத்துத் தொப் சத்தத்துக்காக என் காது காத்திருந்தது. அது வரவில்லை. உள்ளங்கையில் உள்ளங்கை மோதுகிற சத்தம்தான் வந்தது. உன் கை அவர் கையில் இருந்தது.

அடுத்த சுற்றில் அவர் சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தார். "என்ன ஆத்தா, கோவமா" என்று கேட்டு, என் கையைத் தூக்கித் தன் கையில் தானே அடித்துக்கொண்டார். ஒரு தடவை இல்லை, படம் எடுத்து முடிக்கிறவரை. மோதிரம் பட்ட இடம் கன்றியிருக்கிறது. அவரைச் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நீயும் சிரித்தாய். மாஸ்டர் சொன்ன அளவுக்கு விரிந்திருந்தது.

கையைப் பலமுறை கழுவிவிட்டேன். சோறு பிசையும்போது அந்தக் கைதானே வாய்க்கு வருகிறது.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவர் எப்படி நேராக அந்த இடத்துக்கு வந்தார்?

கிளி


போடிநாயக்கனூர்,
நவம்பர் 9

கிளி,

நான்தான் சொன்னேன்.

அவர் பெண்களோடு நின்று கை தட்டுகிற மாதிரி படம் வேண்டும் என்று கேட்டார்கள். யாரை நகர்த்தி அவரை நிறுத்துவது? எந்தப் பெண்ணைக் கேட்பது? யார் கையையும் பிரிக்காத ஒரே இடம் அதுதான். அந்த இடம் இடமாகவே இருக்கும் என்று உனக்கு எழுதினபோதே முடிவாகியிருந்தது. உன்னிடம் சொல்லியிருந்தால் நீ வந்திருக்க மாட்டாய், பெண்களும் வந்திருக்க மாட்டார்கள், பஸ்சும் வந்திருக்காது. ஆகவே சொல்லவில்லை. பொய்தான். எழுதும்போதே தெரியும்.

உன் கை பழக்கத்தில் தொடைக்குப் போனது. என் கையும் பழக்கத்தில் தொடைக்குத்தான் போகப் பார்த்தது, பாதியில் திருப்பினேன். அது எத்தனை கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. நான் யோசித்துத்தான் கை கொடுத்தேன். அந்த ஒரு தட்டும் விழாமல் இருந்திருந்தால் அவர் அப்படியே காரில் ஏறியிருப்பார்.

ராக்கு எதனால் செத்தாள்? பஸ்சு இல்லாததால் செத்தாள். அவள் உயிரோடு இருந்திருந்தால், ஒரு பஸ்சுக்காகத் தானே நகர்ந்து அந்த ஆளுக்கு இடம் விட்டிருப்பாள். செத்தவளின் இடத்தைக் கொடுத்து உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பஸ்சு வாங்கினேன். இது உனக்கு அசிங்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். உன் அருவருப்பு ஒரு ஆளைக்கூட மலை ஏற்றி இறக்காது. நீயும் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் வந்தாய்.

நவம்பர் 24 திங்கள்கிழமை, காலை ஐந்து மணி. ஆர்டர் என் கையில் இருக்கிறது.

டிசம்பர் இரண்டு, ராக்கு நாளன்று முந்தலுக்கு வருவேன். அப்போது பேசலாம். அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

பானு


பூப்பாறை, மேல் லயம்,
டிசம்பர் 5

மதினி அவர்களுக்கு,

பஸ்சு ஓடுகிறது. பத்து நாளாக நேரம் தவறவில்லை. அந்த ஆள் பல்லைக் காட்டுகிற படத்தை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். ஏறினதிலிருந்து இறங்குகிறவரை அதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்றாலும், எல்லோரும் உட்கார்ந்து வருகிறார்கள். வளைவில் யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை. "சொன்னதச் செஞ்சுட்டா கவுன்சிலரு" என்கிறாள் ஒச்சம்மா. நானும் ஊருக்குப் போய்வர அதில்தான் ஏறுகிறேன். நீங்கள் எழுதினது உண்மை. என் அருவருப்பு ஒரு சக்கரத்தைக்கூட உருட்டவில்லை. அதை உங்களுக்கு மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். இதற்கு நன்றியும் சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

கன்னையனுக்கு லோடு இல்லாமல் போய்விட்டது. ஜீப்பைக் கம்பத்தில் விற்றுவிட்டான். ஆகவே இதைத் தபாலில் போடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ராக்கு நாள். நீங்கள் வருவீர்கள் என்று முந்தலில் பத்து மணிவரை காத்திருந்தோம். சென்னைக்கு வரச் சொல்லி அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். நீங்கள் வராததற்காக நான் கோபப்படவில்லை. ஒருவேளை வந்திருந்தால் உங்கள் கையைத் தொட்டிருக்க என்னால் முடிந்திருக்குமா என்று வருகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டேதான் வந்தேன். முடியாது என்றுதான் தோன்றியது. ஆனால் அது என் மனசு. மற்றவர்களிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, உங்கள் கடிதத்தையும் காட்டவில்லை.

வட்டம் போட்டோம். நான் என் இடத்தில் நின்றேன். பக்கத்தில் ராக்கு இடம். அதற்கு அடுத்து நீங்கள் நிற்கிற இடம், அதற்கு அடுத்து ஒச்சம்மா. ஒருத்தர் வராவிட்டால் அடுத்தவர் நகர்ந்து மூடிக்கொள்வதுதானே வழக்கம்? போன வருடம் பவுனு வராதபோது அப்படித்தான் மூடினோம். ஒச்சம்மா நகர்வாள் என்று பார்த்தேன். அவள் நகரவில்லை. குனிந்து கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். யாரும் அவளை நகரச் சொல்லவில்லை.

கைத்தட்டு ஆரம்பித்தது. என் கை என் தொடையில் விழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்தும் தொப் என்று சத்தம் வந்தது. ஒச்சம்மா தன் தொடையில் அடித்திருந்தாள்.

இரண்டு ஆள் அகலத்துக்கு இடம் விட்டு, கடைசிவரை அப்படியே அடித்தோம்.

செல்லக்கிளி